மாவட்ட மனநலப் பணியாளர்கள் மாதம் ஒருமுறை கூடி உட்கார: எப்படி நடத்துவது?

வைகைக்கரை (மருத்துவ உளவியலாளர்)
சனி, இரவு 9:40

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் மனநலத்தில் வேலை செய்கிற எல்லோரையும் மாதம் ஒரு தடவை ஓரிடத்தில் உட்கார வைக்கலாம் என்று நானும் எங்கள் சமூகப் பணியாளரும் பேசிக்கொண்டிருக்கிறோம். பயிற்சி வகுப்பு கிடையாது, ரிவ்யூ மீட்டிங்கும் கிடையாது. நாம் பார்க்கிற வேலை நமக்குள் என்ன செய்கிறது என்று நாமே பேசிக்கொள்ள ஒரு நேரம், அவ்வளவுதான். இப்படி நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தொடங்கி நின்றுபோயிருந்தால் ஏன் நின்றது என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்பது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். போக்சோ வழக்கில் ஒரு குழந்தையிடம் பேசி முடித்த கையோடு, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக வந்த இன்னொரு குழந்தைக்கு ஐ.க்யூ. பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். கை அந்தப் பரிசோதனைக்கான மரக்கட்டைகளை எடுத்து வைக்கிறது, காது முதல் குழந்தையிடமே நிற்கிறது. இடையில் தண்ணீர் குடிக்க எழுந்தால் வாசலில் நிற்பவர்கள், "மேடம் போயிட்டாங்களா?" என்று பதறுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பஸ் மாறி வந்தவர்கள்.

அண்மையில், நான் பல மாதங்களாகப் பார்த்துவந்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். தகவல் வந்தது ஓ.பி. நடுவில். வெளியே வரிசை நின்றது, அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஃபைல் எங்கே என்று கேட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பது யாருடைய வேலையிலும் இல்லை.

நன்றாகத் தூங்குங்கள், நடைப்பயிற்சி போங்கள் என்பதை வருகிறவர்களுக்குத் தினமும் சொல்வதே நான்தான். எனக்கு வேண்டியது அது இல்லை. இந்த வேலையின் உள்ளே இருக்கிற இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேள்விகள்: யாரையெல்லாம் சேர்ப்பது? மனநல மருத்துவரும் செவிலியரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் பேச்சு வருமா? மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமா?

நெறியாளர்
சனி, இரவு 10:05

நல்ல இழை, தொடரட்டும். ஒரே வேண்டுகோள்: யாருடைய கதையையும் அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வயது, தொழில், குடும்ப நிலை நான்கும் ஒரே பதிவில் வந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தருகிற, ரகசியம் காக்கப்படும் உரிமை இங்கேயும் பொருந்தும்.

வாசிக்கிறவர்களில் யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் 14416க்கு அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

களப்பணி (மனநல சமூகப் பணியாளர்)
சனி, இரவு 11:20

குழு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை மேடம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பேசிவிட வேண்டும்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர், குறைந்தது 3 பேர் வேண்டும். 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே இதை எழுதியிருக்கிறது. உளவியலாளர், சமூகப் பணியாளர் நிலைமை இதைவிட மோசம். ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஆள் என்றால் அந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் அறைக்குப் பூட்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகளுக்குள் சர்வதேச அளவுகோலுக்கு ஏற்ற எண்ணிக்கையில் பணியாளர்களைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம். 2028க்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது? பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரை வைத்துக்கொண்டா அந்த இலக்கைத் தொடுவது?

பணிச்சோர்வைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11இல் சொல்வதையும் கவனியுங்கள். அதை ஒரு நோயாக அவர்கள் வைக்கவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்கிறார்கள். அப்படியானால் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு பணியிடத்துடையது. மாதம் ஒருமுறை நாமே கூடி, நாமே கண்ணைத் துடைத்துக்கொண்டு திங்கட்கிழமை திரும்பிப் போனால், காலிப்பணியிடத்தை நிரப்ப வேண்டியவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

மலைக்கோட்டை (மனநல மருத்துவர், பணி ஓய்வு)
ஞாயிறு, காலை 7:15

களப்பணி தம்பி சொல்வதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. பணியிடம் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்கள் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. ஆனால் பணியிடம் வரும்வரை அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் நொறுங்காமல் இருக்க வேண்டுமே. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து இங்கே எல்லோருக்கும் தெரியும். சங்கிலியோடு கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, இருந்தவர்களில் பலர் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அப்போது நான் இளைஞன். வந்தவர்களின் கணுக்காலைப் பார்த்தால் எவ்வளவு காலம் கட்டிக் கிடந்தார்கள் என்று தெரியும். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாதவர்களும் இருந்தார்கள். பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதின, நீதிமன்றம் கவலைப்பட்டது. அவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, முதல் சோற்றை ஊட்டிய செவிலியர்களையும் வார்டு பணியாளர்களையும் பற்றி யாரும் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகு அவர்கள் உடனே வீட்டுக்குப் போகமாட்டார்கள். உடை மாற்றும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். எங்களைப் போன்ற டாக்டர்களுக்கு அந்த வழக்கமும் இல்லை. எங்களில் எத்தனை பேர் பின்னாளில் குடியில் விழுந்தோம், எத்தனை பேர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதப் பழகினோம் என்று யோசித்தால், அந்த அறையின் அருமை புரிகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1950களில் லண்டன் டேவிஸ்டாக் மருத்துவமனையில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களை வைத்துத் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. பாலின்ட் குழு என்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஒருவர் தன்னை உறுத்துகிற ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எதுவும் பார்க்காமல் சில நிமிடங்கள் சொல்வார். மற்றவர்கள் தெளிவுக்காக ஓரிரு கேள்வி கேட்கலாம். அதன்பின் சொன்னவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். குழுவினர் அந்த நோயாளிக்கும் சொன்னவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தங்களுக்குள் பேசுவார்கள். "ஏன் இந்த மருந்து கொடுத்தாய்?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. கடைசியில் விருப்பமிருந்தால் சொன்னவர் திரும்பி வந்து பேசலாம்.

அந்த வாய்மூடும் விதிதான் இதன் உயிர். நம் ஊரில் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் எதிரே இருப்பவர் உடனே யோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறார், சொன்னவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார். இந்த விதி இரண்டையும் தடுக்கிறது.

மருத்துவர் சேரலாம். தலைமை தாங்கக் கூடாது.

செவிலி தென்காசி
ஞாயிறு, காலை 10:30

டாக்டர் ஐயா எங்களைப் பத்தி எழுதினதுக்கு நன்றி. படிச்சிட்டு வார்டு சிஸ்டர்ஸ் எல்லாருக்கும் காட்டினேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஓ.பி.யில உட்காருற டாக்டர் அதே வட்டத்துல இருந்தா நாங்க வாயே திறக்க மாட்டோம். அவர் நல்லவரா கெட்டவராங்கிறது இல்ல விஷயம். நாளைக்கு லீவு லெட்டர்ல கையெழுத்து போடப்போறது அவர்தான். "ராத்திரி அந்த பேஷண்ட் அடிச்சப்போ எனக்கு பயமா இருந்துச்சு, கோவமும் வந்துச்சு"ன்னு நான் அவர் முன்னாடி எப்படிச் சொல்வேன்? கோவம் வந்துச்சுன்னு சொன்னா என்னை வேற வார்டுக்கு மாத்திருவாங்களோன்னுதான் நினைப்பேன்.

எங்களுக்கு அடி விழுறது ரொம்ப சாதாரணமா ஆயிடுச்சு. கையில கடிபட்டா டி.டி. ஊசி போட்டு ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க. அதுக்கப்புறம் அதே பேஷண்டுக்கு அதே கையால சாப்பாடு கொடுக்கணும். அவர் மேல தப்பில்லை, நோய்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் கிட்டப் போறப்போ உடம்பு பின்வாங்குது. அதை யார்கிட்ட சொல்றது?

இரவுப்பணி (தொலைபேசி ஆலோசகர்)
ஞாயிறு, பகல் 1:10

நேரில் பார்க்கிறவர்களுக்கு ஒரு முகமாவது கிடைக்கிறது. எங்களுக்குக் குரல் மட்டும்தான். பேசிக்கொண்டே இருக்கும்போது அழைப்பு துண்டிக்கப்பட்டால் அதோடு சரி. திரும்பக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். காவல்துறைக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்போம். அவர் என்ன ஆனார் என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியவே வராது. நீட் முடிவு வருகிற இரவுகளில் இது ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். அந்தப் பட்டியலில் நான் பேசிய குரல் ஏதாவது இருக்குமா என்ற எண்ணம் வராத ஆலோசகர் எங்கள் அறையில் இல்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பெண் ஆலோசகர்களுக்கு ஆபாசமாகப் பேசவே கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில நிமிடங்கள் உண்மையான துயரம் போலவே இருக்கும். நாம் முழு மனதோடு கேட்டுக்கொண்டிருக்கும்போது குரல் மாறும். அடுத்த அழைப்பில் உண்மையாகவே தவிக்கும் ஒருவரிடம் அதே திறந்த மனதோடு பேச வேண்டும். என் பணியில் என்னை அதிகம் தேய்த்தது இதுதான்.

இங்கிலாந்தில் 1953இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் தொலைபேசி சேவையில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் தன்னார்வலர் ஒவ்வொருவரும் அன்றைய பொறுப்பாளரிடம் தான் எடுத்த அழைப்புகளைப் பற்றிப் பேசி, இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கஷ்டமான அழைப்பு வந்ததா இல்லையா என்பது கணக்கில் இல்லை, எல்லா நாளும் எல்லோருக்கும் அது உண்டு. அதனால் யாரும் "எனக்கு உதவி வேண்டும்" என்று தனியாகக் கை தூக்க வேண்டிய சங்கடம் இல்லை. எங்கள் இடத்தில் நானும் எனக்கு அடுத்த இருக்கையில் இருப்பவரும் நாங்களாகவே இதைத் தொடங்கினோம். ஹெட்செட்டைக் கழற்றிய பின் பத்து நிமிடம், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. அலுவலகம் இதற்கு நேரம் தரவில்லை, எங்கள் நேரத்தில்தான் செய்கிறோம். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு பஸ்ஸில் தூங்க முடிகிறது.

களப்பணி
ஞாயிறு, பகல் 2:00

"எங்கள் நேரத்தில்தான் செய்கிறோம்." இதைத்தான் நான் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடம் பணி நேரத்துக்குள் வர வேண்டும்.

வன்னிமண் (உளவளத்துணையாளர், கிளிநொச்சி)
ஞாயிறு, இரவு 8:25

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பக்க அனுபவத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறன். இது நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்களுக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்தவர்கள் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு வெளிக்கிட்ட ஆக்கள். நாங்கள் 2009க்குப் பிறகு செட்டிகுளம் முகாம்களில் வேலை செய்தனாங்கள். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் என்னவென்றால், எதிரே இருக்கிறவர் இழந்தது எல்லாத்தையும் நாங்களும் இழந்திருந்தம். ஒரு அம்மா காணாமல்போன மகனைப் பற்றிச் சொல்லேக்க, கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கும் காணாமல்போன அண்ணன் இருப்பார். தொழிலையும் சொந்த வாழ்க்கையையும் பிரித்து வைக்கவேணும் என்று படித்ததெல்லாம் அங்கே நிற்கவில்லை.

அப்ப வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய ஒரு மரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடிப்பம். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. முதல் விதி: இன்றைக்கு யாருக்குக் கதைக்க ஏலாதோ அவர் கதைக்கத் தேவையில்லை, வந்து இருந்தால் காணும். இரண்டாவது: அழுதால் யாரும் ஓடிப்போய்த் தேற்றக்கூடாது. இது எங்களுக்கு மெத்தக் கஷ்டமாயிருந்தது. ஆனால் தேற்றத் தொடங்கினால் அழுகிறவர் எங்களுக்காக அழுகையை நிப்பாட்டிப்போடுவார். மூன்றாவது: சொந்த இழப்பைப் பற்றியும் கதைக்கலாம். அந்த விதி இல்லாவிட்டால் நாங்கள் ஒருத்தரும் நிலைத்திருக்கமாட்டம்.

பிறகு அது எப்படி நின்றது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லவேணும். ஒரு தொண்டு நிறுவனம் இதைக் கேள்விப்பட்டு, நல்ல எண்ணத்தோட, தங்கட திட்டத்துக்குள்ள சேர்த்தது. சிற்றுண்டிக்குக் காசு வந்தது. கூடவே வரவுக் கையொப்பம், புகைப்படம், மாத அறிக்கை, "பங்குபற்றியோரின் முன்னேற்றம்" என்று ஒரு படிவம். மூன்று மாதத்தில் எல்லாரும் வந்தார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திட்டம் முடிய, தேத்தண்ணியும் முடிந்தது. அதைத் திரும்ப ஒருக்கா கட்டியெழுப்ப எங்களுக்கு வருடக்கணக்காய்ப் போனது. பிறகு 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடு போகத் தொடங்க, வட்டம் சுருங்கிப்போனது. இப்ப நாலு பேர் இருக்கிறம்.

களப்பணி அண்ணாவுக்கு ஒரு விசயம். நீங்கள் சொல்லுறது எங்கட நாட்டிலேயே கண்கூடாய்த் தெரிந்தது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய வீதங்களில் ஒன்று. அடுத்த இருபது வருடத்தில் அது எழுபது சதவீதமளவில் குறைந்தது. அதுக்கு முதன்மைக் காரணம் நச்சுத்தன்மை கூடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் படிப்படியாய்த் தடைசெய்தது. எங்களைப் போல ஆயிரம் உளவளத்துணையாளர் இராப்பகலாய் வேலை செய்திருந்தாலும் அது நடந்திராது. இதை நான் புதிதாய் வாற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லுவன். ஒரு உயிர் போனால் அது முழுக்க உன்ர தோளில் இல்லை, சட்டத்தின்ர தோளிலும் கடையின்ர தோளிலும் வறுமையின்ர தோளிலும் கிடக்கு என்று. கொள்கையைப் பற்றிக் கதைக்கிறதும் ஒரு ஆறுதல்தான். அதையும் வட்டத்துக்குள்ள கொண்டுவாருங்கோ.

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 9:50

வன்னிமண் அக்கா, (அக்கா என்று அழைக்கலாம்தானே?) உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அந்த "தோள்" பகுதியை எடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டிவைக்கப் போகிறேன்.

தனியறை (உளவியல் ஆலோசகர், கோவை)
திங்கள், காலை 6:50

தனியாகத் தொழில் செய்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் நேரம் எங்கள் கையில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் நாள் முழுக்க ஓர் அறை, ஒரு நாற்காலி, எதிரே மாறிமாறி ஆட்கள், மாலையில் திரையில் ஆன்லைன் அமர்வுகள். தேநீர் இடைவேளையில் பேச ஒரு சக ஊழியர்கூடக் கிடையாது. விடுமுறை எடுத்தால் அன்றைய வருமானம் இல்லை, வாடகை மட்டும் நிற்காது.

நான் செய்வது மூன்று. மூத்த ஒருவரிடம் கட்டணம் கொடுத்து மாதம் இருமுறை மேற்பார்வை (நான் பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசி வழிகாட்டல் பெறுவது) வாங்குகிறேன். எனக்கென்று ஓர் ஆலோசகர் வேறு ஊரில் இருக்கிறார். மூன்றாவதாக, என்னோடு எம்.ஃபில். படித்த தோழியும் நானும் வியாழன் இரவு போனில் பேசுகிறோம். இருபது நிமிடம் அவள், இருபது நிமிடம் நான், கடிகாரம் பார்த்து. நேரத்தைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் அதிகம் பேசுகிறவர் பேசிக்கொண்டே இருப்பார், கேட்டுப் பழகியவர் அங்கேயும் கேட்டுக்கொண்டே இருப்பார். நம் துறையில் இரண்டாவது வகையினர்தான் அதிகம்.

முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர்களால் முடியாது என்று தெரியும். மூன்றாவதற்கு ஒரு காசும் வேண்டாம்.

மலைக்கோட்டை
திங்கள், மாலை 5:30

வைகைக்கரை எழுதிய அந்த மரணத்தைப் பற்றி இன்னும் யாரும் நேராகப் பேசவில்லை. அதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வுகளில் மனநல மருத்துவர்களில் 51 சதவீதம் பேரும், உளவியலாளர்களில் 22 சதவீதம் பேரும் தங்கள் பராமரிப்பில் இருந்த ஒருவரைத் தற்கொலைக்கு இழந்திருந்தார்கள். மருத்துவர்களில் பாதிப் பேர், அம்மா. நீங்கள் தனியாக இல்லை. ஆனால் பாடத்திட்டத்தில் தற்கொலை அபாயத்தை அளவிடக் கற்றுத் தருகிறோம், இழந்த பிறகு பணியாளர் என்ன செய்வது என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை.

என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் எங்கள் பிரிவில் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. செய்தி வந்தவுடன், பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியை மட்டும் முடித்துவிட்டு, இழந்த பணியாளர் எழுந்துவிட வேண்டும். மீதி வரிசையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். ஆள் இல்லையா? பழைய மருந்துச் சீட்டைத் தொடர்வதற்காக வந்தவர்களை ட்யூட்டி டாக்டர் பார்ப்பார், மற்றவர்களுக்கு மறுநாள் வரச் சொல்லி வண்டிச்செலவுக்குக்கூட ஒரு வழி செய்திருக்கிறோம். அன்றைக்கு இரவும் மறுநாள் இரவும் ஒருவர் போன் செய்ய வேண்டும். யார் செய்வது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் எல்லோரும் "அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று நினைத்து யாருமே செய்ய மாட்டார்கள்.

குடும்பத்தைப் பார்க்கப் போவதா என்று கேட்பார்கள். குடும்பம் விரும்பினால் போகலாம் என்பது என் கருத்து, தனியாகப் போக வேண்டாம். நான் போன வீடுகளில் பெரும்பாலும் என்னைத் திட்டவில்லை, "உங்களைப் பத்தி நிறைய சொல்லுவான் டாக்டர்" என்றுதான் சொன்னார்கள். திட்டிய வீடும் உண்டு. அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன், அது அவர்கள் உரிமை.

ஃபைலை எடுத்து மருத்துவ ரீதியாக அலசுவது வேறு நாள், வேறு கூட்டம். அதையும் கட்டாயம் செய்ய வேண்டும், அதில் எதுவும் மறைக்கக் கூடாது. ஆனால் ஆறுதல் கூட்டத்தையும் அதையும் ஒரே நாளில் வைத்தால் விசாரணை மட்டும்தான் மிஞ்சும்.

செவிலி தென்காசி
திங்கள், இரவு 9:00

இதை யாராவது ஒரு பக்கத்துல டைப் பண்ணி எல்லா ஜி.ஹெச்.சுக்கும் அனுப்புங்களேன்.

இன்னொரு விஷயம். எங்களுக்கே உடம்பு முடியலன்னா எங்க போறது? எனக்குத் தூக்கமே இல்லாம போனப்போ எங்க ஆஸ்பத்திரி ஓ.பி.யில சீட்டு போட முடியல. ஃபார்மசியில எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். இப்போ நல்லா இருக்கேன், மாத்திரையும் நின்னாச்சு. பேஷண்ட் வீட்டுக்காரங்ககிட்ட "மாத்திரை சாப்பிடுறதுல வெக்கம் என்ன இருக்கு"ன்னு சொல்ற நாங்களே ஒளிஞ்சு போக வேண்டியிருக்குறது சரியில்லை. ஆனா அது மாறுற வரைக்கும் ரெண்டு மூணு மாவட்டம் சேர்ந்து, "உங்க ஆளுங்களை நாங்க பார்க்குறோம், எங்க ஆளுங்களை நீங்க பாருங்க"ன்னு டாக்டருங்க பேசி வெச்சா நல்லா இருக்கும். சத்தமில்லாம செய்யலாம்.

களப்பணி
செவ்வாய், இரவு 10:15

நேற்றிலிருந்து இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் நிலைப்பாடு மாறவில்லை, ஆனால் குழுவை நான் பார்த்த விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

நாம் சங்கமாக மனு கொடுக்கும்போது "பணிச்சுமை அதிகம்" என்று எழுதுகிறோம். எந்த அதிகாரிக்கும் அதில் பிடிக்க எதுவும் இல்லை. இந்த இழையில் நான்கு நாளில் வந்த விஷயங்களைப் பாருங்கள்: போக்சோ நேர்காணலுக்கும் சான்றிதழ்ப் பரிசோதனைக்கும் நடுவே இடைவெளி இல்லை, மரணச் செய்தி வந்தபின் ஓ.பி.யை மாற்றிவிட வழி இல்லை, ஷிஃப்ட் முடிவில் பத்து நிமிடம் கணக்கில் இல்லை, அடிபட்ட செவிலியருக்கு ஊசி உண்டு வேறெதுவும் இல்லை. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோரிக்கை. பாதிக்கு அரசாணைகூட வேண்டாம், மருத்துவமனை அளவிலேயே உத்தரவு போடலாம். இதெல்லாம் எந்தச் சங்கக் கூட்டத்திலும் வெளிவரவில்லை. அங்கே பஞ்சப்படி பேசுவோம், பணி நிரந்தரம் பேசுவோம். பயந்தேன் என்று யாரும் பேசியதில்லை.

எனவே என் கோரிக்கை: கூட்டத்தின் கடைசிக் கால்மணி நேரம் "இதில் எதை மேலே கொண்டுபோகலாம்" என்பதற்கு. யார் சொன்னார் என்பது வெளியே போகாது, என்ன வேண்டும் என்பது மட்டும் போகும். எழுதித்தர நான் தயார்.

மலைக்கோட்டை
புதன், காலை 6:40

கடைசிக் கால்மணி நேரத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதே அமர்வில் கோரிக்கைப் பட்டியல் இருக்கிறது என்று தெரிந்தால் முதல் ஒரு மணி நேரமும் அதற்கான ஒத்திகையாகிவிடும். தனி நாளில் வையுங்கள்.

வன்னிமண்
புதன், மதியம் 12:30

எனக்கு இதில் களப்பணி அண்ணா சொல்லுறதுதான் சரியாய்ப் படுகுது. கதைத்துப்போட்டு ஒன்றும் மாறாமல் வீட்டை போறதும் ஆக்களைக் களைக்க வைக்கும். எங்கட வட்டத்தில் இருந்துதான், முகாமில் தனியாய்ப் போய் வீடு பார்க்கக்கூடாது, இரண்டு பேராய்த்தான் போகவேணும் என்ற ஏற்பாடு வந்தது. கேட்டது நாங்கள், கிடைத்தது எல்லாருக்கும்.

வைகைக்கரை
வியாழன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஆட்களிடம் இந்த இழையைக் காட்டிப் பேசினோம். முடிவானவற்றை எழுதுகிறேன்.

இரண்டு வட்டங்கள். செவிலியரும் வார்டு பணியாளர்களும் தனியாக. உளவியலாளர், சமூகப் பணியாளர், பள்ளி ஆலோசகர், எச்.ஐ.வி. மைய ஆலோசகர் ஒரு வட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் மனநல மருத்துவர்களோடு சேர்ந்து, அதை நடத்த வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர். மலைக்கோட்டை டாக்டர் ஐயா முதல் தடவை வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பாலின்ட் முறையில் ஒரு தடவைக்கு ஒரே ஒருவர் சொல்வது.

அனுமதி வாய்மொழியாகக் கேட்டோம். மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) வேண்டும் என்றார்கள். தேதி, நேரம், வந்தவர் எண்ணிக்கை மட்டும் எழுதித் தருகிறோம், புகைப்படமும் பெயரும் கிடையாது என்றோம். கொஞ்சம் யோசித்துச் சரி என்றார்கள். பணி நேரத்துக்குள் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நாள், இடம் தவிர எதுவும் பேசுவதில்லை.

கோரிக்கைப் பட்டியல் விஷயத்தில் எங்களுக்குள்ளும் பிரிவு இருக்கிறது. முதல் மூன்று கூட்டம் பட்டியல் இல்லாமல் நடத்திவிட்டு, பிறகு எல்லோரையும் கேட்டு முடிவு செய்கிறோம். போக்சோ நேர்காணலுக்குப் பிறகு இடைவெளி என்ற ஒன்றை மட்டும் காத்திருக்காமல் இப்போதே கேட்கப்போகிறேன். களப்பணி சார், கடிதத்தை நீங்கள் பார்த்துத் தர வேண்டும்.

களப்பணி
வியாழன், இரவு 9:45

இன்றைக்கே அனுப்புங்கள். 31ஆம் பிரிவை இதில் இழுக்க வேண்டாம், அது வேறு மனுவுக்கு. இது குழந்தையின் நலன் சார்ந்த கடிதமாக இருக்கட்டும். களைத்த உளவியலாளர் எழுதும் அறிக்கை அந்தக் குழந்தையின் வழக்கைப் பாதிக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

செவிலி தென்காசி
வெள்ளி, காலை 8:20

இங்கயும் தொடங்கலாம்னு பேசிட்டோம். நைட் ட்யூட்டி முடிஞ்சு வர்றவங்களுக்குக் காலை நேரம் ஆகாது. மதியம் ஷிஃப்ட் மாறுற நேரம்னா ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் இருப்பாங்க, அதையே உங்களுக்கும் சொல்றேன். வார்டுல பெருக்குற அக்காவையும் கூப்பிடலாமான்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. ஒப்பந்த கம்பெனி ஆளு அவங்க, ஆஸ்பத்திரி லிஸ்ட்லயே இல்ல. ஆனா ராத்திரி பேஷண்ட் பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுக்குறது அவங்கதான்.

வைகைக்கரை
வெள்ளி, காலை 8:35

கூப்பிடுங்கள் சிஸ்டர். எங்கள் வார்டிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கே போய்ச் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் சம்பளம் பிடிக்கப்படாமல் இருக்க மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும், அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.